மூணு மானிட்டர் வருது, நாலாவது வரலை

இரண்டாவது, மூன்றாவது மானிட்டர் மாட்டப்போய் மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து எனக்கு வருகிற போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "டிரைவரை அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுட்டேன், விண்டோஸையே ஒரு தடவை ஃபார்மட் பண்ணிட்டேன், இன்னும் வரலை." அதற்கு நான் கேட்கிற முதல் கேள்வி அவர்களுக்கு எரிச்சலைத்தான் தரும். "கேபிளை எங்கே சொருகியிருக்கீங்க?" "பின்னாடிதான் சார்." பின்னாடி எங்கே என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

இன்றைக்குப் பல கம்ப்யூட்டர்களில் படம் வரைகிற சிப் இரண்டு. ஒன்று ப்ராசஸருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆன்போர்டு கிராஃபிக்ஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். இன்னொன்று தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிற கார்டு. பின்பக்கம் தெரிகிற ஒவ்வொரு போர்ட்டும் இந்த இரண்டில் ஒன்றுக்குச் சொந்தம். ஒரே வீட்டில் இரண்டு இ.பி. மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லைனில் ஃபியூஸ் போனால் அந்த லைனில் இருக்கிற ப்ளக் பாயின்ட் மட்டும்தான் வேலை செய்யாது. அங்கே சொருகின மிக்ஸியைக் கழற்றிப் பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மானிட்டர் விஷயத்தில் முக்கால்வாசிப் பேர் மிக்ஸியைத்தான் பிரிக்கிறார்கள்.

டெஸ்க்டாப்பில் எது யாருடைய போர்ட் என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். கேபினெட்டைத் திருப்பி வையுங்கள். மேலே யுஎஸ்பி, நெட் கேபிள், ஸ்பீக்கர் எல்லாவற்றோடும் கும்பலாக, நெட்டுக்குத்தாக நிற்கிற எச்டிஎம்ஐ மதர்போர்டுடையது; அது ஆன்போர்டு கிராஃபிக்ஸின் வாசல். அதற்குக் கீழே ஒரு தகரப் பட்டையில் படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பவை கார்டுடையவை. மதர்போர்டு போர்ட்டில் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால், அசெம்பிள் செய்தவர் "இதை உபயோகிக்காதே" என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார். அதைப் பிடுங்கிவிட்டுச் சொருகுகிறவர்கள்தான் பிறகு எனக்குப் போன் செய்கிறார்கள்.

என் அக்கா பையன் ஈரோட்டில் வீட்டிலிருந்தே ஷேர் டிரேடிங் செய்கிறான். அவனுக்கு நான்கு மானிட்டர் வேண்டும். எதற்கு என்று கேட்டால் ஒன்றில் சார்ட், ஒன்றில் ஆர்டர், ஒன்றில் செய்தி என்று மூன்றுக்குக் காரணம் சொல்வான். நான்காவதில் கிரிக்கெட் ஓடும். அவனிடம் இருக்கிற என்விடியா கார்டில் போர்ட் மூன்றுதான். நான்காவதை மதர்போர்டு எச்டிஎம்ஐ-யில் மாட்டியிருந்தான்.

"மாமா, மூணு வருது. நாலாவதுல நோ சிக்னல்னு ஒரு டப்பா அங்கிட்டும் இங்கிட்டும் மிதந்துட்டே இருக்கு."

"ப்ராசஸர் பேருக்குப் பின்னாடி எஃப்-னு எழுத்து இருக்கா பாரு."

"இல்ல மாமா. ஐ5 12400, அவ்வளவுதான்."

அந்த எழுத்தைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இன்டெல் 2019-இலிருந்து சில ப்ராசஸர்களை எஃப் என்ற வாலோடு விற்கிறது. 9400எஃப், 10400எஃப், 12400எஃப் மாதிரி. இவற்றில் ஆன்போர்டு கிராஃபிக்ஸ் கிடையாது. அதனால்தான் விலை கொஞ்சம் குறைவு. மதர்போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் படம் வரைய யாரும் இருக்கமாட்டார்கள். ஏஎம்டி-யில் கணக்கு வேறு. 5000 வரிசை வரை, பேரில் ஜி இருக்கிற ரைசனில்தான் ஆன்போர்டு கிராஃபிக்ஸ் உண்டு. 5600எக்ஸ் வாங்கியவர் மதர்போர்டு போர்ட்டை மறந்துவிட வேண்டியதுதான். 2022-இல் வந்த 7000 வரிசையிலிருந்து சின்னதாக ஒன்றைக் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் வைத்துவிட்டார்கள், 7500எஃப் போல எஃப் போட்டவற்றைத் தவிர. ஆன்போர்டு கிராஃபிக்ஸ் இல்லாத ப்ராசஸராக இருந்தால் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். பயாஸில் எதைத் தட்டினாலும் வராது.

அக்கா பையனுடையது வெறும் 12400. ஆகவே ஆன்போர்டு கிராஃபிக்ஸ் உள்ளே இருக்கிறது, யாரோ தூங்க வைத்திருக்கிறார்கள். தூங்க வைத்தது மதர்போர்டேதான். ஸ்லாட்டில் ஒரு கார்டைக் கண்டதும் ஆன்போர்டு கிராஃபிக்ஸை அணைத்துவிடுவது பல போர்டுகளில் வழக்கம். கார்டு வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மற்றது தேவையில்லை, அது விழித்திருந்தால் ரேமில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதை எங்கேயும் திரையில் சொல்லாமல் செய்வதுதான் நியாயமில்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியில் போய்ப் பார்த்தால் இன்டெல் என்ற பெயரே இருக்காது. இல்லாத ஒன்றுக்கு டிரைவர் தேடி இன்டெல் தளத்தில் இறக்கி, "உங்கள் கணினிக்குப் பொருந்தாது" என்று அது முகத்தில் அறைய, அங்கிருந்து ஃபார்மட் வரை போய்விடுகிறார்கள்.

மருந்து பயாஸில் இருக்கிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"எந்த மானிட்டர்ல மாமா வரும்?"

நல்ல கேள்வி. எல்லாத் திரையிலும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கார்டில் மாட்டியிருக்கிற ஏதாவது ஒன்றில் வரும், அதுவும் நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற திரையாக இருக்கும் என்று நிச்சயமில்லை. அவனுக்குக் கிரிக்கெட் மானிட்டருக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்திருந்த திரையில் வந்தது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படித்தான். உள்ளே இந்த செட்டிங்குக்கு ஆளுக்கொரு பெயர். ஆசஸ், ஆஸ்ராக் போர்டுகளில் 'ஐஜிபியு மல்டி-மானிட்டர்' என்று இருக்கும். எம்எஸ்ஐ-யில் 'ஐஜிடி மல்டி-மானிட்டர்'. கிகாபைட்டில் 'இன்டர்னல் கிராஃபிக்ஸ்'. அதை எனேபிள் செய்ய வேண்டும். பக்கத்திலேயே 'ப்ரைமரி டிஸ்ப்ளே' என்று ஒன்று இருந்தால் அது கார்டைக் குறிக்கிற பிஇஜி-யிலோ பிசிஐஇ-யிலோ நிற்கட்டும். அதை ஆன்போர்டைக் குறிக்கிற ஐஜிடி-க்கு மாற்றிவிட்டால், அடுத்த தடவை ஆன் செய்யும்போது லோகோவும் பயாஸும் மதர்போர்டில் மாட்டின திரைக்குப் போய்விடும். மற்ற மூன்றும் இருட்டாகக் கிடக்க, கார்டு செத்துவிட்டது என்று பயந்துபோவோம்.

சேவ் செய்து வெளியே வந்தான். நான்காவது திரை வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் ஊதிப்போய், சப்பையாக. ரெசல்யூஷனை மாற்ற முடியவில்லை. டிவைஸ் மேனேஜரில் என்விடியாவுக்குக் கீழே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று புதிதாக ஒரு வரி. இந்த இடத்தில்தான், இப்போதுதான், டிரைவருக்கு வேலை. விண்டோஸ் அப்டேட் தானாகவே இன்டெல் டிரைவரை இறக்கியது, திரை ஒரு தடவை கண்ணடித்தது, எல்லாம் சரியாகிவிட்டது. என்விடியா டிரைவரையும் இன்டெல் டிரைவரையும் ஒன்றாக வைத்தால் சண்டை வருமே என்று கேட்டான். வராது. அந்தப் பயம் விஸ்டா காலத்து மிச்சம். விண்டோஸ் 98-இலேயே பல மானிட்டர் வசதி வந்துவிட்டது. எக்ஸ்பி-யில் இரண்டு கம்பெனி கார்டுகளைக் கலந்து மாட்டலாம். விஸ்டா புதிய டிரைவர் முறையைக் கொண்டுவந்தபோது, அந்த முறையில் எல்லா கார்டுக்கும் ஒரே டிரைவர்தான் என்று கட்டுப்படுத்திவிட்டது. 2009-இல் விண்டோஸ் 7 அந்தத் தடையை எடுத்துவிட்டது. தடை போய் இத்தனை வருஷம் ஆகியும், "இரண்டையும் சேர்த்துப் போடாதே" என்ற அறிவுரை மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த சிக்கல், எண்ணிக்கை. போர்ட் எத்தனை இருக்கிறதோ அத்தனை திரை வரும் என்று நம்புகிறோம். அப்படியில்லை. ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் இத்தனை திரைக்குத்தான் படம் அனுப்பும் என்று ஒரு வரம்பு உண்டு. இன்டெல் ஆன்போர்டில் 2011 சேண்டி பிரிட்ஜ் வரை இரண்டு. 2012 ஐவி பிரிட்ஜிலிருந்து மூன்று. டெஸ்க்டாப்பில் 12-ஆம் தலைமுறையிலிருந்து நான்கு. என்விடியாவின் இப்போதைய கார்டுகளில் பொதுவாக நான்கு. ஐந்து போர்ட் வைத்த கார்டுகளும் கடையில் கிடைக்கும், அவற்றிலும் ஒரே சமயத்தில் நான்குதான். ஜிடி 1030-இல் இரண்டோடு சரி. ஐந்தாவதை மாட்டினால் விண்டோஸ் அதைச் சாம்பல் நிறத்தில் காட்டி, "எக்ஸ்டெண்ட்" கொடுத்தால் மறுக்கும், அல்லது ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஒன்றை அணைத்துவிட்டு இதைக் கொடுக்கும். கேபிள் பழுது மாதிரியே இருக்கும். இரண்டு சிப்பையும் சேர்த்து ஓட்டுவதன் லாபமே இந்த வரம்பு தனித்தனியாக எண்ணப்படுவதுதான்.

கன்வெர்ட்டர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் நீளும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றுகிற மலிவான கேபிள் ஒரு வழிப்பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால் வேலை செய்யும். அதுவும் அந்த டிஸ்ப்ளேபோர்ட் எச்டிஎம்ஐ சிக்னலையும் அனுப்பத் தெரிந்ததாக இருந்தால். அப்படிப்பட்டதன் அருகில் டி, பி எழுத்துகளோடு இரண்டு பிளஸ் குறி அச்சிட்டிருப்பார்கள். அதே கேபிளைத் திருப்பி, கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐ-யை மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினால் ஒன்றும் வராது. இரண்டு முனையும் கச்சிதமாக உட்காரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. அந்தத் திசைக்குத் தனி கன்வெர்ட்டர் இருக்கிறது, பெரும்பாலும் யுஎஸ்பி-யில் கரன்ட் கேட்கும். கடைக்காரரிடம் "டிபி டு எச்டிஎம்ஐ" என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்தப் பக்கம் கம்ப்யூட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விஜிஏ இன்னும் மோசம். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த அந்த நீலத் தலைக்கு மூடுவிழா நடத்தப்போவதாக 2010 டிசம்பரிலேயே இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாரும் சேர்ந்து அறிவித்துவிட்டார்கள். இன்டெல் 2015-இல் 6-ஆம் தலைமுறையோடு நிறுத்தியும்விட்டது. அதற்குப் பிறகு மதர்போர்டில் விஜிஏ இருக்கிறதென்றால் உள்ளே ஒரு கன்வெர்ட்டர் சிப் ஒளிந்திருக்கிறது. என்விடியாவின் 10 வரிசையிலிருந்து டிவிஐ போர்ட்டிலும் அனலாக் கால்கள் இல்லை. வெறும் தலையை மாற்றுகிற டிவிஐ-விஜிஏ அடாப்டரை அதில் அழுத்தினால் உள்ளேயே போகாது. பிளேயரால் பின்னை நசுக்கிச் சொருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய விஜிஏ மானிட்டரைத் தூக்கிப்போட மனசு வராதவர்கள் எச்டிஎம்ஐ-யிலிருந்து மாற்றுகிற, சிப் வைத்த கன்வெர்ட்டரை வாங்க வேண்டும். அப்போதும் சில சமயம் திரை 1024-க்கு 768-ஐத் தாண்டாது. மானிட்டர் தன் பெயரையும் அளவையும் கார்டுக்குச் சொல்கிற இடிஐடி என்ற சின்னத் தகவல் பொட்டலம் அந்த மலிவு கேபிளில் வழியிலேயே தொலைந்துபோயிருக்கும். வேறு கேபிள் மாற்றிப் பார்ப்பதைத் தவிர அதற்குக் குறுக்குவழி இல்லை.

4கே மானிட்டரில் மவுஸ் இழுத்துக்கொண்டே போகிறதா? பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே நொடிக்கு 30 தடவைதான் வரும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும். அதே மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லேப்டாப்பில் இந்தச் சொந்த பந்தம் எதுவும் வெளியே தெரியாது. எல்லா ஓட்டையும் ஒரே ஓரத்தில், ஒரே மாதிரி. 2010-இல் என்விடியா ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. லேப்டாப் திரை ஆன்போர்டு கிராஃபிக்ஸோடுதான் கட்டியிருக்கும். கனமான வேலை வரும்போது என்விடியா விழித்து வரைந்து, வரைந்ததை ஆன்போர்டின் மெமரியில் கொண்டுபோய்க் கொடுக்கும், அது திரைக்கு அனுப்பும். பேட்டரி மிச்சம். ஆனால் பக்கத்தில் இருக்கிற எச்டிஎம்ஐ யாரோடு கட்டியிருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் நேராக என்விடியாவோடு, சிலவற்றில் ஆன்போர்டோடு. டைப்-சி ஓட்டைக்கும் இதே கதை, சிலவற்றில் அது படத்தையே அனுப்பாது, சார்ஜும் பென்டிரைவும் மட்டும்தான். பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா என்று பார்க்கலாம், இருப்பதை எல்லாம் அச்சிடுகிற பழக்கம் எல்லாக் கம்பெனிக்கும் இல்லை.

எச்டிஎம்ஐ-யை யார் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இரண்டு வழி எனக்குப் பிடிக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் 'அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே'. மேலே எந்த மானிட்டர் என்று தேர்ந்தெடுத்தால், அது எந்த சிப்போடு இணைந்திருக்கிறது என்று ஒரு வரி சொல்லும். இன்னொன்று, என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபிஸ்எக்ஸ் என்று ஒரு பக்கம். விளையாட்டுகளில் வெடித்துச் சிதறுகிற துண்டுகளைக் கணக்குப் போட வைத்த பக்கம் அது. ஆனால் அங்கே என்விடியாவும் ஆன்போர்டும் தனித்தனிப் பெட்டியாக வரைந்து, எந்த மானிட்டர் எந்தப் பெட்டியில் தொங்குகிறது என்று படம் போட்டிருப்பார்கள்.

இது தெரிந்தால் இன்னொரு மர்மமும் விலகும். எல்லாத் திரையும் வருகிறது, ஒன்றில் மட்டும் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. காரணம், வரைகிறவர் ஒருவர், காட்டுகிறவர் இன்னொருவர். அக்கா பையன் என்விடியாவால் ஒரு விளையாட்டை ஓட்டி, அதை மதர்போர்டில் மாட்டிய திரைக்கு இழுத்துவிட்டால், ஒவ்வொரு ஃப்ரேமும் கார்டிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே ஆன்போர்டுக்கு நகலெடுத்துப் போக வேண்டும். வரும், வேகம் குறையும். விண்டோஸில் டிஸ்ப்ளேவுக்குள் 'கிராஃபிக்ஸ்' என்ற பக்கம் 2018-இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு அப்ளிகேஷனையும் அங்கே சேர்த்து, பவர் சேவிங் என்றால் ஆன்போர்டு, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்றால் கார்டு என்று பிரித்துவிடலாம். எந்தத் திரையில் எது ஓடப்போகிறதோ அந்தத் திரையின் சொந்தக்காரரையே வரைய வைப்பது நல்லது. அவனுடைய கிரிக்கெட் பிரவுசரை ஆன்போர்டுக்குத் தள்ளினேன். ஒரே பிரவுசரில் சார்ட்டும் கிரிக்கெட்டும் வேண்டுமென்றான். இரண்டு பிரவுசர் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

லினக்ஸ்காரர்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது அழுதுகொண்டிருப்பார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினாரே, அந்த வீடியோ எல்லாருக்கும் தெரியும். அன்று பார்வையாளர் ஒருவர் கேட்ட கேள்வி இந்த ஆப்டிமஸ் லேப்டாப் பற்றித்தான் என்பது பலருக்குத் தெரியாது. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் வெளி மானிட்டர் என்விடியாவோடு கட்டியிருக்கிற லேப்டாப்பில் என்விடியா டிரைவர் ஏறாவிட்டால் அந்தத் திரை லினக்ஸின் கண்ணிலேயே படாமல் போகலாம். எக்ஸ்11-இல் எக்ஸ்ராண்டர் கட்டளையை 'லிஸ்ட்புரொவைடர்ஸ்' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வருகிறதென்றால் கேபிளை விட்டுவிட்டு டிரைவரைத் தேடலாம்.

டிரைவரை முழுசாகத் துடைத்துப் போடவே கூடாதா என்றால், போடலாம். ஏஎம்டி கார்டைக் கழற்றி என்விடியா மாட்டுகிறபோது, அல்லது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு கோடு 43 என்று வருகிறபோது, டிடியு என்கிற கருவியை சேஃப் மோடில் ஓட்டுவது உதவும். அதற்கு முன்னால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திரை ஒரு நொடி இருண்டு, ஒரு பீப் சத்தத்தோடு டிரைவர் மட்டும் திரும்பக் கிளம்பும். திறந்திருக்கிற வேலை எதுவும் போகாது.

தினமும் கேட்கிற புகார் இன்னொன்று உண்டு: டீ குடித்துவிட்டு வந்தால் எல்லா விண்டோவும் ஒரே திரையில் குவிந்திருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் தூங்கும்போது சில மாடல்கள் தாங்கள் இணைந்திருப்பதையே கார்டிடம் மறைத்துவிடும். கம்ப்யூட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் மிச்சமிருக்கிற திரைக்கு நகர்த்திவிடும். விண்டோஸ் 11-இல் 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதிக்குள், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வை என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். மானிட்டரின் சொந்த மெனுவில் 'டீப் ஸ்லீப்' என்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் செய்தும் குவிகிறதென்றால் அந்த ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐ-க்கு மாற்றிப் பாருங்கள். என் மேஜையில் அதோடு நின்றது.